பிப்ரவரியில் பார்த்த ஊரை ஆகஸ்டிலும் ஒரு தடவை பாருங்கள்

கேள்வி: மினியாபொலிஸ் புறநகரில் 31 வருடமாக இருக்கிறோம். எனக்கு 63 வயது, பள்ளி நூலகத்தில் வேலை. கணவருக்கு 67, ஓய்வு பெற்றுவிட்டார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மெடிகேர் அட்வான்டேஜ் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறார். போன ஜனவரியில் டிரைவ்வேயில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து வாசலைத் தாண்டவே பயப்படுகிறார். பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் இருக்கும் என் கல்லூரித் தோழி வீட்டுக்குப் பத்து நாள் போனோம். அவள் அங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியை, இந்த வருடம் ஓய்வு பெறுகிறாள். தெருவெல்லாம் அசேலியா பூத்திருந்தது. இவர் தினமும் காலையில் செருப்பில்லாமல் புல்லில் நடந்தார். தோழி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. 1984இல் கட்டியது, விலை 365,000 டாலர், சொத்து வரி வருடத்துக்கு 2,900 டாலர்தானாம். 22 வருடமாக அங்கே இருப்பவர் விற்கிறார், ஏப்ரல் கடைசிக்குள் பதில் கேட்கிறார். “மதுரைக்காரனுக்கு வெயில் என்ன புதுசா? அங்கே வருமான வரியும் கிடையாது” என்கிறார் இவர். நானும் ஓய்வு பெற்ற பிறகு, சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமாக இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 45,000 டாலர் வரும், சேமிப்பிலிருந்து 40,000 டாலர் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். மகன் குடும்பம் இங்கே 20 நிமிட தூரத்தில் இருக்கிறது. நான்கு வயதுப் பேரன் சனி ஞாயிறு எங்களோடுதான். அந்த வீட்டை வாங்கலாமா?

பதில்: அன்புள்ள அக்கா,

அந்த வீட்டை இப்போது வாங்க வேண்டாம். விற்பவருக்கு நன்றி சொல்லி, எங்களால் ஏப்ரலுக்குள் முடிவெடுக்க முடியாது என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கெய்ன்ஸ்வில்லுக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அது நல்ல ஊராக அமையலாம். ஆனால் நீங்கள் இருவரும் அந்த ஊரைப் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள்.

பிப்ரவரியில் அந்த ஊரைப் பார்த்து ஆசைப்படாதவர் யார்? பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஊரிலிருந்து கிளம்பி, விமானம் ஏறி, பாசி தொங்கும் ஓக் மரங்களின் நிழலில் இறங்கினால் யாருக்கும் இனி இங்கேதான் என்று தோன்றும். மணிக்கட்டு உடைந்தவருக்கு இன்னும் அதிகமாகத் தோன்றும். அவர் செருப்பில்லாமல் புல்லில் நடந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விழுந்த பயத்தில் ஒரு மாதம் வாசலைத் தாண்டாத மனிதர், வெறுங்காலோடு நடந்திருக்கிறார். இந்த ஆசையை வெறும் வரிக் கணக்காகப் பார்க்கக் கூடாது.

நான் அந்த ஊருக்குப் போனது ஆகஸ்டில். அண்ணன் மகனைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு வரப் போயிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதுமே என் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிட்டது. உங்கள் ஊரில் குளிர்காலத்தில் வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது கண்ணாடி மங்கும் அல்லவா? அங்கே கோடையில் வீட்டைவிட்டு வெளியே வரும்போது மங்குகிறது. துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மெத்தையை மாடிக்கு ஏற்றி முடிப்பதற்குள் அண்ணனுக்குச் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து, இடியும் மின்னலுமாக அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் தார்ச்சாலையிலிருந்து ஆவி கிளம்பியது. அதற்குப் பிறகுதான் புழுக்கமே.

மதுரைக்காரருக்கு வெயில் புதிதா என்று கேட்கிறார் அத்தான். வெயில் புதிதில்லை, சரி. ஆனால் அது மதுரை வெயில் இல்லை. மதுரையில் சுள்ளென்று அடிக்கும், வேப்ப மர நிழலுக்குள் போனால் ஆறுதல் கிடைக்கும். கெய்ன்ஸ்வில்லின் கோடை சென்னைப் புழுக்கத்துக்குச் சொந்தக்காரன். ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 91, 92 டிகிரி ஃபாரன்ஹீட்தான், எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, நிழலிலும் நிம்மதி இல்லை. இரவிலும் 72க்குக் கீழே அதிகம் இறங்காது. ஊர் கடற்கரையிலும் இல்லை. மெக்சிகோ வளைகுடாவும் அட்லாண்டிக்கும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய அறுபது மைல் தள்ளி இருக்கின்றன. கடல்காற்று வந்து காப்பாற்றும் என்று இருக்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 1965இல் டாக்டர் ராபர்ட் கேட் என்பவரும் அவருடைய குழுவும் கேட்டரேடைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மைதானத்தில் இழந்த நீரும் உப்பும் அந்த அளவுக்கு இருந்ததால்தான் அப்படி ஒரு பானமே தேவைப்பட்டது. இருபது வயதுப் பையன்களுக்கே அந்தக் கதி. பிரஷர் மாத்திரைகளில் சில, உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் வகை. அத்தான் சாப்பிடுவது எந்த வகை, அதைச் சாப்பிட்டுக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் நடக்கலாமா என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மினசோட்டாவில் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வீட்டுக்குள் இருக்கிறீர்கள். கெய்ன்ஸ்வில்லுக்குப் போனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் முழுக்க வீட்டுக்குள் இருப்பீர்கள். அடைபடும் காலம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எந்த அடைபடல் உங்களுக்குத் தாங்கும் என்பதுதான் கேள்வி. இதில் கெய்ன்ஸ்வில் பக்கம் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. அங்கே கோடையிலும் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நடக்கலாம், உறைபனியில் வழுக்கி விழும் பயம் இல்லை. உங்கள் ஊரில் ஜனவரியில் எந்த நேரத்தில் இறங்கினாலும் தரை வழுக்கத்தான் செய்யும். அதே சமயம், நீங்கள் இழக்கப்போவது மினசோட்டாவின் ஜூன், ஜூலை. ஒன்பது மணி வரை வெளிச்சம், ஏரிக்கரை, பேரனின் சைக்கிள். குளிர்காலத்தை விட்டுவிட்டு வருகிறோம் என்று நினைப்பவர்கள், கோடையையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள்.

அதனால் நான் சொல்வது: நீங்கள் பள்ளியில் வேலை பார்ப்பதால் கோடை விடுமுறை இருக்கிறது. இந்த ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை ஐந்து வாரம் கெய்ன்ஸ்வில்லில் போய் இருங்கள். தோழி வீட்டில் தங்க வேண்டாம், தனியாக ஒரு வீடு எடுங்கள். பல்கலைக்கழக ஊர் என்பதால் இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஐம்பதாயிரத்துக்கு மேல் மாணவர்கள் படிக்கும் இடம் அது. மே மாதம் பலர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், அவர்கள் விட்டுப் போகும் வீடுகள் கோடைக்கு மட்டும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் தரைத்தளமாகப் பாருங்கள், நல்ல ஏ.சி. இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அந்த ஐந்து வாரமும் விருந்தாளிகளாக இருக்காதீர்கள். தினமும் சமையுங்கள். நாலு மணி இடிமழையில் காரை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போங்கள். ஆர்ச்சர் ரோட்டு நெரிசலில் சாயங்காலம் ஒரு தடவை மாட்டிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் நடுவில் குத்தகை மாறும் வாரத்தைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். தெருவோரம் சோபாவும் மெத்தையுமாகக் குவிந்து கிடக்கும், ஊர் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிட்ட மாதிரி இருக்கும். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அங்கே கால்பந்து. எண்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. ஒன்றே முக்கால் லட்சம் பேர்கூட இல்லாத ஊரில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சிலருக்கு அந்தக் கலகலப்பு பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்குமா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

பல்கலைக்கழக ஊரின் நல்லதையும் சொல்ல வேண்டும், அது சின்ன விஷயம் இல்லை. ஷாண்ட்ஸ் என்று எல்லோரும் சொல்லும் பெரிய போதனா மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அந்த அளவு ஊருக்கு அது அபூர்வம். ஃப்ளோரிடாவில் நிலையாகக் குடியேறிய 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், இடம் இருந்தால், அரசுப் பல்கலைக்கழக வகுப்புகளில் கட்டணமில்லாமல் உட்கார்ந்து கேட்க ஒரு சலுகை உண்டு. மதிப்பெண்ணும் பட்டமும் கிடையாது, கேட்கலாம், அவ்வளவுதான். நூலகத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு அது எப்படிப்பட்ட வரம் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆலிஸ் ஏரிக்கு எதிரே பல்கலைக்கழகம் கட்டிவைத்திருக்கும் வௌவால் வீடுகளிலிருந்து லட்சக்கணக்கில் வௌவால்கள் கிளம்புவதைப் பேரனோடு நின்று பாருங்கள். பெய்ன்ஸ் புல்வெளியில் முதலைகளும் காட்டுக் குதிரைகளும் காட்டெருமைகளும் உண்டு. பிள்ளைகள் லீவுக்கு வர ஆசைப்படும் ஊர்தான்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் பணம் போகிறது.

வரி 2,900 டாலர்தான் என்பதை நம்பாதீர்கள். அது விற்பவர் கட்டும் வரி, நீங்கள் கட்டப்போவது வேறு. ஃப்ளோரிடாவில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை வாங்கியிருந்தால், வரிக்காக மதிப்பிடும் தொகை வருடத்துக்கு 3 சதவீதமோ விலைவாசி உயர்வோ, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக் கூடாது. 1990களிலிருந்து இந்த வரம்பு இருக்கிறது. 22 வருடம் இருந்தவருக்கு, சந்தை விலை எங்கேயோ போயிருக்கும், வரி மதிப்பு கீழேயே நின்றிருக்கும். வீடு கைமாறியதும் அடுத்த ஜனவரி 1 அன்று அந்த வரம்பு கழன்றுவிடும், உங்கள் பெயரில் சந்தை விலைக்குப் புதிதாக மதிப்புப் போடுவார்கள். 2,900 என்பது இரண்டு மடங்கைத் தாண்டினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அலாச்சுவா கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டால், இந்த விலைக்கு வாங்கினால் வரி எவ்வளவு வரும் என்று தோராயமாகச் சொல்வார்கள். நீங்கள் வாங்கும் காலம் வந்தால், ஹோம்ஸ்டெட்டுக்கு மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க மறக்காதீர்கள். அந்த வரம்பு அதற்கப்புறம் உங்களுக்கும் வேலை செய்யும்.

அடுத்தது இன்சூரன்ஸ். முதலில் கூரையின் வயதைக் கேளுங்கள். ஃப்ளோரிடாவில் வீட்டின் வயதைவிடக் கூரையின் வயதுதான் பெரிய கேள்வி. பதினைந்து வருடம் தாண்டிய ஷிங்கிள் கூரை என்றால் பல நிறுவனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இல்லையென்றால் புதுக் கூரை போட்டால்தான் பாலிசி என்னும். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு தம்பதி, மிஷிகனிலிருந்து போய் இதே மாதிரி குளிர்காலத்தில் பார்த்து வீடு வாங்கிவிட்டு, அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். புதுக் கூரைக்குக் கொடுத்த பணத்தில் அவர்கள் இந்தியாவுக்கு நாலு தடவை போய் வந்திருக்கலாம். அந்த அம்மா அந்த ரசீதை இன்னும் பர்சில் வைத்திருக்கிறார்.

புயலுக்கென்று தனி டிடக்டிபிள் உண்டு, அதாவது காப்பீடு பணம் தருவதற்கு முன் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு. அது பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று இருக்காது. வீட்டின் காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். நாலு லட்சம் டாலருக்குக் காப்பீடு, 2 சதவீத டிடக்டிபிள் என்றால், முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கெய்ன்ஸ்வில்லுக்கு ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. 2004இல் பிரான்சிஸ், ஜீன் என்று மூன்றே வாரத்தில் இரண்டு புயல் வந்து மரங்களைச் சாய்த்துப் பல நாள் ஊரை இருட்டில் வைத்தன. 2017இல் இர்மா கொட்டிய மழையில் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நீங்கள் ரசித்த அதே ஓக் மரம்தான் புயலில் கூரைமேல் விழும். அந்த வீட்டை ஒட்டி எத்தனை பெரிய மரம் நிற்கிறது என்று தோழியைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் சாதாரண பாலிசியில் சேராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும், அரசுத் திட்டத்தில் எடுத்தால் பெரும்பாலும் முப்பது நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

அப்புறம் நிலம். அந்தப் பக்கம் அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும், சில இடத்தில் மேலே இருக்கும் மண் திடீரென்று உள்வாங்கிவிடும். ஊருக்குள்ளேயே டெவில்ஸ் மில்ஹாப்பர் என்று 120 அடி ஆழத்தில் ஒரு பள்ளம், இப்போது பூங்காவாக இருக்கிறது. படியில் இறங்கிப் பார்த்தால் கீழே ஒரு குட்டிக் காடே இருக்கும். வீட்டில் குடியிருக்கவே முடியாதபடி நிலம் திடீரென்று உள்ளே போனால் அதை எல்லா பாலிசியும் ஏற்கும். சுவரில் விரிசல் விடும் அளவுக்கு மெதுவாக உள்வாங்கினால், அதற்கென்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் பணம் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாகத் தர மாட்டார்கள். கரையான் விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பார்த்த அதே கரையான்தான், அங்கே மர வீடு கிடைத்திருக்கிறது.

மின்சாரத்தையும் ஒரு வரி. நகர எல்லைக்குள் நகராட்சியின் சொந்த மின் நிறுவனம். 2017இல் சுமார் 75 கோடி டாலருக்கு ஒரு மரக்கழிவு மின் நிலையத்தை வாங்கிய கடன் அதன் தலையில் இருக்கிறது. அந்த வீட்டின் போன ஆகஸ்ட் பில்லைக் கேளுங்கள். பிப்ரவரி பில் காட்டினால் ஏற்காதீர்கள்.

வருமான வரி பற்றி அத்தான் சொன்னது உண்மைதான், ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. ஆனால் உங்கள் கணக்கில் அதனால் மிஞ்சுவது எவ்வளவு? 2023இல் மினசோட்டா சட்டத்தை மாற்றியதிலிருந்து, கணவன் மனைவி சேர்ந்து ஒரு லட்சம் டாலர் வருமானத்துக்குள் இருந்தால் சோஷியல் செக்யூரிட்டிக்கு மாநில வரி இல்லை. உங்கள் 45,000 அதில் தப்பித்துவிடும். மிச்சம் 40,000இல் கழிவு போக, என் கணக்குப்படி வருடத்துக்கு ஆயிரம் டாலருக்குள்தான் மாநில வரி வரும். பெரிய சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் லாபம் உங்களுக்குக் கிடைக்காது. அத்தானிடம் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள், வாதம் செய்ய வேண்டாம். எண்ணைப் பார்த்தால் எஞ்சினியருக்குப் புரிந்துவிடும்.

எஞ்சினியர் என்று நானாகச் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று இல்லை. 31 வருடம் மினியாபொலிஸ் என்றதும் எனக்கு அப்படித் தோன்றிவிட்டது, மன்னிக்கவும்.

மருத்துவக் காப்பீட்டில் இரண்டு விஷயம். ஒன்று, நீங்கள். 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உங்களுக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்கு முன் வேலையை விட்டால் இடையில் இருக்கும் மாதங்களுக்குக் காப்பீடு வாங்கும் செலவு, நான் மேலே சொன்ன எல்லா மிச்சத்தையும் விழுங்கிவிடும். 65 வரை வேலையில் இருப்பது நல்லது. இரண்டு, அவர். அட்வான்டேஜ் திட்டம், அதாவது மெடிகேரைத் தனியார் நிறுவனம் நடத்தும் வடிவம், பெரும்பாலும் உங்கள் ஊர் மருத்துவர்களோடு கட்டுப்பட்டது, வெளியூரில் அவசர சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும். கோடையில் ஐந்து வாரம் போகும்போது இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். நிரந்தரமாக இடம் மாறும்போது மட்டும் ஒரு கதவு திறக்கும். திட்டம் இயங்கும் பகுதியைவிட்டு வெளியேறுவதால், பழைய மெடிகேருக்குத் திரும்பி, உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாதபடி மெடிகேர் கொடுக்காத மிச்சச் செலவை ஏற்கும் சில மெடிகேப் பாலிசிகளை வாங்க உரிமை உண்டு. பழைய திட்டம் முடிந்த 63 நாளுக்குள் செய்துவிட வேண்டும். மற்ற நேரத்தில் பிரஷர், மணிக்கட்டு எல்லாவற்றையும் கேட்பார்கள். போகும் நாள் வந்தால் இந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் போட்டு வையுங்கள்.

உங்களுக்கு 65 ஆகும் வருடம், ஆகஸ்டில் ஒரு வருடக் குத்தகைக்கு அங்கே வீடு எடுங்கள். அந்த ஊரில் குத்தகைகள் பெரும்பாலும் ஆகஸ்டில்தான் தொடங்கும். மினசோட்டா வீட்டை அப்போது விற்க வேண்டாம். விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அதில் குடியிருந்திருந்தால், கணவன் மனைவிக்கு ஐந்து லட்சம் டாலர் வரை லாபத்துக்கு மத்திய வரி கிடையாது. அதாவது கிளம்பிய பிறகும் ஏறக்குறைய மூன்று வருடம் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் திரும்பி வர ஒரு வீடு இருக்கும். வாடகைக்கு விட்டால் தேய்மானக் கணக்கு பிறகு வரியில் வரும், அதற்கு ஒரு வரிக் கணக்காளரைப் பாருங்கள். பூட்டி வைத்தால் குழாய் உறையாமல் ஹீட்டர் ஓட வேண்டும், ஆளில்லாத வீட்டுக்கு இன்சூரன்ஸ் நிபந்தனை என்ன என்று கேட்க வேண்டும். மகன் பக்கத்தில் இருப்பதால் வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

அதுவரை வரும் இரண்டு குளிர்காலத்தையும் என்ன செய்வது? பனி அள்ளவும் உப்புத் தூவவும் ஆள் வைத்துவிடுங்கள். அத்தானை மண்வெட்டியைத் தொட விடாதீர்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை கடையில் கிடைக்கும், வாசலிலேயே தொங்கவிடுங்கள். எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். விழுந்ததால் உடைந்ததா, எலும்பு மெலிந்ததால் உடைந்ததா என்று தெரிய வேண்டும். மெலிந்திருந்தால் கெய்ன்ஸ்வில் குளியலறையிலும் உடையும். ஜனவரி, பிப்ரவரியில் அவர் மட்டும் ஒரு மாதம் அங்கே போய் இருக்க விரும்பினால் தடுக்காதீர்கள். அவருக்கு வாசல் தாண்டும் பயம் போக வேண்டும், அதற்கு அந்தப் புல்வெளி உதவுகிறது என்றால் செலவைப் பார்க்க வேண்டாம்.

உங்கள் தோழியிடம் நீங்கள் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு அவர் அதே ஊரில் இருப்பாரா? அவருக்குப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? பல்கலைக்கழக ஊரில் மனிதர்கள் வேலைக்காக வருகிறார்கள், வேலை முடிந்ததும் பிள்ளைகளைத் தேடிப் போய்விடுகிறார்கள். நம் ஆட்களில் பெரும்பாலோர் மாணவர்கள், முனைவர் பட்டம் முடித்தவர்கள், நாலைந்து வருடத்தில் ஊரைவிட்டுப் போகிறவர்கள். பொங்கலுக்கு வீடு நிறைய ஆள் இருப்பார்கள், மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அத்தனையும் புதுமுகமாக இருக்கும். உங்கள் பக்கத்து மேப்பிள் குரோவ் இந்துக் கோயிலில் உங்களை முப்பது வருடமாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியக் கோபுரத்தோடு கோயில் வேண்டுமென்றால் கெய்ன்ஸ்வில்லிலிருந்து டாம்பாவுக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். தோழி இல்லாவிட்டாலும் இந்த ஊருக்கு வருவோமா என்று நீங்கள் இருவரும் தனித்தனியாக யோசித்துப் பதிலை எழுதி, அப்புறம் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள்.

பேரன் விஷயத்தில் நான் கணக்குச் சொல்ல மாட்டேன். கெய்ன்ஸ்வில் விமான நிலையம் சின்னது, மினியாபொலிஸ் வர பெரும்பாலும் அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ மாறித்தான் வர வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான்கு வயதிலிருந்து ஆறு வயது வரை இன்னும் இரண்டு வருடம், எல்லாச் சனி ஞாயிறும் உங்களோடுதான் இருப்பான். நான் சொல்லும் வழியில் அந்த இரண்டு வருடமும் உங்களுக்குக் கிடைக்கிறது. பள்ளிக்கூடம், நண்பர்கள் என்று அவன் உலகம் விரியும்போது நீங்கள் ஒரு வருடம் தள்ளி இருந்து பார்ப்பது வேறு, இப்போது தள்ளிப் போவது வேறு. மகனிடமும் மருமகளிடமும் இதைப் பற்றிப் பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவர்களே இன்னும் ஐந்து வருடத்தில் மினியாபொலிஸில் இருப்பார்களா என்பதும் உங்கள் முடிவில் சேர வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு ஜன்னலோரம் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும் என்று நினைக்கிறேன், மினசோட்டாத் தமிழ் வீடுகளில் இல்லாத வீடு குறைவு. ஜூலையில் போகும்போது அதைக் காரில் ஏற்றாதீர்கள். கறிவேப்பிலை ஆரஞ்சு, எலுமிச்சை குடும்பம். ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை 2005இலிருந்து அழித்துவரும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு. மகன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள், பேரன் தண்ணீர் ஊற்றட்டும். அங்கே தோழி வீட்டுத் தோட்டத்தில் முருங்கை இருந்தால் அதைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். உறைபனி விழும் இரவுகளில் தரையோடு கருகி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கிறதா என்று. ஆகஸ்ட் முடிந்து திரும்பியதும் எனக்கு எழுதுங்கள், அத்தான் காலையில் எத்தனை மணிக்கு நடக்கக் கிளம்பினார் என்பதையும் சேர்த்து.